ஆலைக்கு வெளியிலிருந்து பொறியாளர்: யாரை, எதற்கு அழைப்பது?

உற்பத்தியில் ஒரு சிக்கல் மாதக்கணக்கில் தீராமல் இழுத்தடித்தால், வெளியிலிருந்து யாரையாவது கூப்பிட்டுப் பார்ப்போமே என்ற பேச்சு எழும். எழுந்த சில நாட்களில் கொட்டேஷன்களும் வந்து சேரும். ஒரு பெரிய ஆலோசனை நிறுவனம் படங்களும் அட்டவணைகளுமாக அறுபது பக்கத்தில் திட்டம் அனுப்பும். ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் நாலு வரி மின்னஞ்சலில் தன் நாள் கட்டணத்தை எழுதுவார். இயந்திரம் விற்பவரோ, "எங்கள் ஆளை அனுப்புகிறோம், கட்டணமே வேண்டாம்" என்பார். மூன்றையும் அருகருகே வைத்து எது மலிவு என்று பார்க்க ஆரம்பித்தால் அங்கேயே கணக்கு தவறிவிடும். மூவரும் விற்பது வேறு வேறு சரக்கு.

ஒப்பிடுவதற்கு முன் என் சாய்வைச் சொல்லிவிடுகிறேன். சிக்கலின் காரணத்தைக் கண்டுபிடிப்பது ஒரு வேலை, அதைச் சரிசெய்வது இன்னொரு வேலை. இரண்டையும் ஒரே ஒப்பந்தத்தில் ஒரே ஆளிடம் கொடுக்கக் கூடாது என்பது என் கட்சி. நோயைச் சொல்பவரே மருந்துக்கடையும் வைத்திருந்தால், அந்தக் கடையில் இருக்கிற மருந்துதான் சீட்டில் ஏறும். அவர் ஏமாற்றுகிறார் என்று இல்லை. நாள் முழுக்க எதைக் கையாள்கிறோமோ அதுதான் முதலில் கண்ணில் படும்.

ஒரு துளை, ஐந்து பதில்கள்

ஓர் உதாரணத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். அலுமினிய ஹவுசிங் ஒன்றில் பேரிங் உட்காரும் துளை. அளவு 50 மில்லிமீட்டர், டிராயிங்கில் எச்7 என்ற துல்லியக் குறியீடு போட்டிருக்கிறது. அப்படியென்றால் துளை 50.000க்கும் 50.025க்கும் நடுவில் இருக்க வேண்டும். விட்டுக்கொடுக்க இருப்பது மொத்தமே 25 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). கணினிக் கட்டுப்பாட்டில் வெட்டும் சிஎன்சி இயந்திரத்துப் பக்கத்திலேயே ஆபரேட்டர் துளையின் விட்டத்தை அளக்கும் போர் கேஜ் விட்டுப் பார்க்கும்போது எல்லாம் எல்லைக்குள் இருக்கிறது. மறுநாள் தர ஆய்வு அறையில் அதே பாகங்களைப் பார்த்தால், கணிசமானவை சிறுத்துப்போய் ரிஜெக்ட் ஆகின்றன.

இயந்திரம் விற்றவரை அழைத்தால் சுழலும் தண்டான ஸ்பிண்டிலைச் சோதித்துவிட்டு, வயதாகிவிட்டது, புது மாடல் பாருங்கள் என்பார். டூல் விற்பவர் வேறு கிரேடு இன்சர்ட் (வெட்டும் முனை) போட்டுக் காட்டுவார். ஆட்டோமேஷன்காரர் இயந்திரத்துக்குள்ளேயே அளக்கும் புரோப் ஒன்றைப் பொருத்தலாம் என்பார். பெரிய ஆலோசனை நிறுவனம், இதைத் தனியாகப் பார்க்கக் கூடாது, ஒட்டுமொத்தத் தர அமைப்பையும் ஆராய வேண்டும் என்று 12 வாரத் திட்டம் தரும்.

விற்பதற்கு எதுவும் கையில் இல்லாத ஒருவர், ஒரு தெர்மாமீட்டரோடு இயந்திரத்தருகே அரை ஷிஃப்ட் நின்றால் வேறு ஒன்று தெரியவரும். வெட்டி முடித்து எடுக்கும்போது பாகம் சூடாக இருக்கிறது. அந்தச் சூட்டிலேயே அளக்கிறார்கள். அலுமினியம் ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரி செல்சியஸ் சூட்டில் ஏறத்தாழ 23 மைக்ரான் விரியும். பாகம் 10 டிகிரி கூடுதல் சூட்டில் இருந்தால் 50 மில்லிமீட்டர் துளை சுமார் 11.5 மைக்ரான் பெரிதாகக் காட்டும். கையில் இருந்த 25 மைக்ரானில் கிட்டத்தட்ட பாதி அங்கேயே போயிற்று. நீள அளவுகள் எல்லாம் 20 டிகிரி செல்சியஸுக்கு உரியவை என்று 1931இலேயே உலக அளவில் முடிவாகி, இன்று அது ஐஎஸ்ஓ 1 என்ற தரநிலையாக இருக்கிறது. டிராயிங்கில் உள்ள எண்ணும் அந்த வெப்பநிலைக்குத்தான். ஆக, சூட்டில் எல்லைக்குள் இருந்த துளை ஆறியதும் சுருங்கிக் கீழ் எல்லையைத் தாண்டிவிடுகிறது. பாகத்தை ஆறவிட்டு அளக்க வேண்டும், இல்லையென்றால் சூட்டுக்கான திருத்தத்தைச் சேர்த்துச் செட் செய்ய வேண்டும். செலவு என்று சொல்ல ஒன்றும் இல்லை.

மற்ற நாலு பேரும் சொன்னது பொய்யில்லை. ஸ்பிண்டில் உண்மையிலேயே தேய்ந்திருக்கலாம், புரோப் வேறு வகையில் உதவலாம். ஆனால் புது இயந்திரத்தை இறக்கி அதிலும் சூட்டோடு அளந்தால் அதே ரிஜெக்‌ஷன் தொடரும். பழியைத் தூக்கிப்போடப் பழைய இயந்திரம் மட்டும் இருக்காது.

விற்பவரின் இலவச ஆலோசனை

இதை முழுக்க ஒதுக்கச் சொல்லவில்லை. சிக்கல் இயந்திரத்துக்குள்ளேயே இருக்கிறது என்று தெளிவாகத் தெரிந்தால், அந்த இயந்திர நிறுவனத்தின் அப்ளிகேஷன் இன்ஜினியரை விட நல்ல ஆள் கிடைக்க மாட்டார். எந்தப் பாராமீட்டரை மாற்றினால் எது அசையும், எந்த வருட மாடலில் எந்தக் கோளாறு வழக்கம் என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி. வாங்கலாமா வேண்டாமா என்று அவரிடமே கேட்பதுதான் விவரமில்லாத வேலை.

அழுத்தக் காற்றை எடுத்துக்கொள்ளுங்கள். லைன் கடைசியில் அழுத்தம் பத்தவில்லை, இன்னொரு கம்ப்ரசர் போடுவோம் என்று பேச்சு வருகிறது. விற்பவர் வந்து தேவையைக் கணக்கிட்டு ஒரு மாடலைச் சொல்லிவிட்டுப் போவார். அதற்கு முன் ஆலை மூடியிருக்கும் ஒரு நாளில், காற்றைப் பயன்படுத்தும் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, வழக்கமான லோடு-அன்லோடு கம்ப்ரசர் ஒன்றை மட்டும் ஓட்டிப் பாருங்கள். யாரும் காற்றை எடுக்காதபோதும் அது அவ்வப்போது லோடு ஆகும், அதாவது காற்றை அழுத்தி அனுப்பும்; மற்ற நேரம் அன்லோடில் சும்மா ஓடும். லோடில் இருந்த நேரத்தை, லோடும் அன்லோடும் சேர்ந்த மொத்த நேரத்தால் வகுத்தால் வருவதுதான் லீக்கின் பங்கு. பத்து நிமிடத்தில் மூன்று நிமிடம் லோடில் இருந்தால், கம்ப்ரசர் தரக்கூடிய காற்றில் 30 சதவீதம் ஓட்டை வழியாகப் போகிறது. பராமரிப்பு சரியில்லாத ஆலைகளில் 20 முதல் 30 சதவீதம் லீக் என்பது அரிதான எண் இல்லை. ஒரு ஸ்டாப்வாட்ச் போதும், ஆலோசகரே தேவையில்லை. லீக்கை அடைத்த பிறகு அழுத்தத்தையும் கொஞ்சம் இறக்க முடிந்தால் இன்னும் லாபம். 7 பார் அளவில் ஓடும் கம்ப்ரசரில் ஒரு பார் குறைத்தால் மின்சாரம் சுமார் 7 சதவீதம் குறையும்.

விற்பவரின் கணக்கில் பாதி உண்மை எப்படி உட்காரும் என்பதற்கு பம்ப் நல்ல சான்று. வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ் விற்பவர் ஒரு கணக்குப் போடுவார்: வேகத்தை 20 சதவீதம் குறைத்தால், மின்சக்தி வேகத்தின் மும்மடி அடுக்கில் இறங்குவதால், 51 சதவீதம் போதும், பாதி மிச்சம். உராய்வை மட்டும் எதிர்த்து நீர் சுற்றிவரும் குழாய் அமைப்பில் இது பெரும்பாலும் சரி. ஆனால் நீரை உயரத் தொட்டிக்கு ஏற்றும் பம்ப்பில் அந்த உயரம் வேகத்தோடு குறையாது. வேகத்தை ஓர் அளவுக்கு மேல் இறக்கினால் நீரே மேலே ஏறாது. சூத்திரம் சரிதான், அதைப் பொருத்திய இடம் தப்பு. இதைச் சுட்டிக்காட்ட விற்பவருக்கு எந்த அவசரமும் இருக்காது.

விற்பவரிடம் நான் கேட்கச் சொல்லும் கேள்வி ஒன்றுதான்: எந்த நிலைமையில் இதை நாங்கள் வாங்கக் கூடாது? அதற்குத் தயங்காமல் இரண்டு மூன்று நிலைமைகளைச் சொல்பவர் சொல்லும் மற்றதையும் நம்பலாம்.

சிஸ்டம் இன்டகிரேட்டர்களும் கிட்டத்தட்ட இதே வகை, ஆனால் பந்தயம் பெரியது. ரோபோ செல், கன்வேயர், பேக்கிங் லைன் என்று முழுசாகக் கட்டி ஓட்டிக் கொடுப்பவர்கள். என்ன வேண்டும் என்பது முடிவான பிறகு, சுழற்சி நேரம் எத்தனை விநாடி, ஒரு மணிக்கு எத்தனை நல்ல பாகம் என்று எழுத முடிந்த பிறகு, இவர்களைவிட நல்ல வழி இல்லை. என்ன வேண்டும் என்பதையே இவர்களிடம் கேட்டால் ஒரு செல் முளைத்துவிடும். முன்னால் மேசையில் குவிந்து கிடந்த பாகங்கள் இப்போது அந்தச் செல்லின் வாசலில் குவியும்.

பெரிய ஆலோசனை நிறுவனம்

பெரிய நிறுவனத்தைக் கிண்டலடிப்பது எளிது. ஆலைக்காரர்கள் கூடினால் அதைத்தான் செய்வோம். ஆனால் சில வேலைகளுக்கு அவர்கள்தான் வேண்டும். வெறும் நிலத்தில் புது ஆலை எழுப்பும்போது கட்டடம், மின்சாரம், குழாய், தீத்தடுப்பு, கழிவுநீர், லே-அவுட் எல்லாம் ஒன்றோடொன்று மோதாமல் வர வேண்டும். கடன் தருபவரோ காப்பீட்டாளரோ கையெழுத்திட்ட அறிக்கை கேட்பார். நாளைக்கு வடிவமைப்பில் பிழை என்று வந்தால் பொறுப்பேற்க, தொழில்முறைப் பொறுப்புக் காப்பீடு உள்ள ஒரு நிறுவனம் எதிரே இருக்க வேண்டும். தனி ஆளால் இதெல்லாம் ஆகாது. இப்படிப்பட்ட வேலைகளுக்கான ஒப்பந்த வடிவங்களும் ஏற்கனவே பழகியவை. ஆலோசனைப் பொறியாளர்களின் சர்வதேசக் கூட்டமைப்பான ஃபிடிக் 1913இல் தொடங்கியது. வாடிக்கையாளருக்கும் ஆலோசகருக்கும் இடையிலான அதன் மாதிரி ஒப்பந்தம் பல நாடுகளில் புழக்கத்தில் உள்ளது.

குறை எங்கே என்றால், முதல் கூட்டத்துக்கு வருபவர் ஒருவர், ஆலைக்கு வருபவர் வேறொருவர். தலை நரைத்த மூத்தவர் வந்து பேசி ஒப்பந்தத்தை வாங்கிப்போவார். அப்புறம் வருபவர்கள் படித்து முடித்து ஒன்றிரண்டு வருடமான இளைஞர்கள். உழைப்பாளிகள்தான், ஆனால் அவர்கள் தொழில் கற்றுக்கொள்வது உங்கள் செலவில். எந்தப் பொறியாளர், எத்தனை நாள், ஆலைக்குள் நேரில் என்பதை ஆள் பெயரோடு ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். இதற்குச் சம்மதிக்காத நிறுவனம் என்றால், யாரை அனுப்பப்போகிறோம் என்று அவர்களுக்கே இன்னும் தெரியவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

உங்கள் போட்டியாளரின் ஆலையிலும் அவர்கள் வேலை செய்திருப்பார்கள் என்பது இரண்டு பக்கமும் வெட்டும். அங்கே கற்றது இங்கே வரும், இங்கே கற்றது அங்கேயும் போகும். ரகசியக் காப்பு ஒப்பந்தம் ஓரளவுக்குத்தான் காக்கும். உண்மையிலேயே ரகசியமான செயல்முறை இருந்தால் அந்தப் பகுதியைக் காட்டாமலே வேலையைப் பிரித்துக் கொடுப்பது நல்லது.

தனி ஆலோசகர்

இந்தத் தொழிலே தனி ஆட்களிடமிருந்து வந்ததுதான். அமெரிக்கப் பொறியாளர் ஃபிரெடரிக் டெய்லர் 1893இல் ஆலோசனைப் பொறியாளர் என்று தனக்கு அட்டை அச்சிட்டுக்கொண்டு கிளம்பியவர். ஆனால் இப்படி ஓர் ஆள் என்ன செய்ய முடியும் என்பதைக் காட்ட எனக்குப் பிடித்தது ஜப்பானியப் பொறியாளர் ஷிகியோ ஷிங்கோவின் கதை.

1950இல் ஹிரோஷிமாவில் உள்ள டோயோ கோக்யோ ஆலைக்கு, அதாவது இன்றைய மஸ்டாவுக்கு, அவரை அழைத்தார்கள். 350, 750, 800 டன் பிரஸ்கள் மூன்றும் இரவு பகலாக ஓடியும் உற்பத்தி பத்தவில்லை. ஒரு வாரம் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்க்கிறேன் என்றார் ஷிங்கோ. அது வீண் வேலை, தடை எது என்று எங்களுக்கே தெரியும், புது இயந்திரம் வாங்குவதுதான் வழி என்றார் பிரிவு மேலாளர். ஷிங்கோ விடாமல் பார்த்தார். மூன்றாம் நாள் 800 டன் பிரஸ்ஸில் டை, அதாவது பாகத்துக்கு வடிவம் தரும் அச்சு, மாற்றும் வேலை. பழைய டையைக் கழற்றினார்கள், பிறகு ஆட்கள் இங்குமங்கும் ஓடத் தொடங்கினார்கள். புது டையை இறுக்கும் போல்ட்டுகளில் ஒன்றைக் காணவில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் கழித்து, வேறொரு இயந்திரத்துக்கான நீளமான போல்ட்டை வெட்டி மரையிட்டு எடுத்துக்கொண்டு ஒருவர் வந்தார். பிரஸ் அதுவரை சும்மா நின்றது.

இயந்திரம் நின்றிருக்கும்போது மட்டுமே செய்யக்கூடிய வேலை எது, ஓடும்போதே முன்கூட்டிச் செய்து வைக்கக்கூடிய வேலை எது என்று பிரிக்கும் யோசனை அவருக்கு அங்கேதான் பிறந்தது. 1969இல் டொயோட்டாவில் 1,000 டன் பிரஸ் ஒன்றின் டை மாற்றம் நாலு மணி நேரத்திலிருந்து ஒன்றரை மணி நேரமாகி, பிறகு 3 நிமிடத்துக்கு வந்தது. புது பிரஸ் வாங்கியிருந்தால் அதன் பக்கத்திலும் யாராவது போல்ட் தேடிக்கொண்டு நின்றிருப்பார்கள்.

தனி ஆலோசகரிடம் நீங்கள் வாங்குவது இந்தப் பார்வையைத்தான். ஆனால் அப்படிப் பார்க்கத் தெரிந்தவர்கள் அபூர்வம். முப்பது வருடம் வார்ப்பாலையிலேயே இருந்தவருக்கு எல்லாச் சிக்கலும் மணல் அச்சில்தான் முடியும். சிலருக்குத் தங்கள் பழைய நிறுவனத்தில் செய்ததை இங்கேயும் செய்துவிட வேண்டும். அங்கே ஆள் எத்தனை, இங்கே எத்தனை என்று பார்க்க மாட்டார்கள். உடம்பு சரியில்லை என்றால் வேலை அப்படியே நிற்கும். கையெழுத்துக்குச் சட்ட மதிப்பு வேண்டிய இடங்களில், உதாரணமாக பிரஷர் வெசல், கட்டட வலு, மின் பாதுகாப்பு போன்றவற்றில், அவருக்கு உரிய உரிமமும் காப்பீடும் உண்டா என்று முதலில் பார்த்துவிட வேண்டும்.

ஆளைத் தேர்வதற்கு ஒரு நாள் கட்டணம் கொடுத்து ஆலையைச் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். கட்டணம் கொடுத்தே சொல்லுங்கள். இலவசமாக வந்தால் அவர் தன்னை விற்கத்தான் வருவார். அன்றைக்கு அவர் என்ன கேட்கிறார் என்று கவனியுங்கள். ரிஜெக்‌ஷன் தொட்டி எங்கே, போன ஆறு மாத பிரேக்டவுன் பதிவு எங்கே, இரவு ஷிஃப்ட் எத்தனை மணிக்கு மாறுகிறது என்று கேட்பவர் வேலைக்கு ஆவார். புரொஜெக்டர் எங்கே என்று கேட்பவரை மதியச் சாப்பாட்டோடு வழியனுப்பிவிடலாம்.

தனி ஆளுக்கும் பெரிய நிறுவனத்துக்கும் நடுவில், ஒரே துறையில் பத்துப் பதினைந்து பேர் இருக்கும் சிறு நிறுவனங்கள் உண்டு. அதிர்வுப் பகுப்பாய்வு, அச்சுக்குள் உருகிய பொருள் ஓடுவதைக் கணினியில் பார்க்கும் சிமுலேஷன், இயந்திரப் பாதுகாப்பு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக. இவர்களைப் பலரும் யோசிப்பதே இல்லை. விலையுயர்ந்த கருவி வேண்டும், அதைப் படிக்கத் தெரிந்த ஆளும் வேண்டும், ஆனால் வருடத்துக்கு ஒரு முறைதான் வேண்டும் என்றால் இவர்கள்தான் சரி. இயந்திரப் பாதுகாப்பில் குறிப்பாகச் சொல்கிறேன். ஐஎஸ்ஓ 12100 படி இடர் மதிப்பீடு செய்து, ஐஎஸ்ஓ 13849 படி பாதுகாப்புச் சுற்றின் தரத்தைக் கணக்கிடுவது பகுதி நேரமாகப் படித்துச் செய்யக்கூடிய வேலை இல்லை. விரல் போகிற விஷயம்.

பல்கலைக்கழகங்களையும் ஆய்வு நிறுவனங்களையும் சுருக்கமாகத் தொட்டுவிடலாம். ஜெர்மனியில் 1949இல் தொடங்கிய ஃப்ராவுன்ஹோஃபர் அமைப்பு, தொழிற்சாலைகளுக்காக ஒப்பந்த ஆய்வு செய்வதையே தொழிலாகக் கொண்டது. அமெரிக்காவில் 1976 முதல் பல்கலைக்கழகக் குழுக்கள் சிறு, நடுத்தர ஆலைகளுக்கு எரிசக்தி ஆய்வு செய்துகொடுக்கும் ஏற்பாடு உருவானது. உடைந்த ஷாஃப்ட் உலோகச் சோர்வால், அதாவது திரும்பத் திரும்ப வந்த சுமையால், உடைந்ததா, அதிபாரத்தாலா என்று உடைந்த முகத்தை நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்ல இவர்களைப் போல் ஆள் கிடையாது. அவசரத்துக்கு மட்டும் போகாதீர்கள். அவர்களுடைய நாட்காட்டி வேறு. கண்டுபிடித்ததைக் கட்டுரையாக வெளியிட விரும்புவார்கள் என்பதையும் முன்கூட்டியே பேசிவிட வேண்டும்.

சொந்தமாக ஒருவரை வேலைக்கு வைத்தால்?

இதுதான் பல நேரம் சரியான பதில், ஆனால் யாரும் கொட்டேஷன் அனுப்பாத பதில். ஒரே மாதிரியான சிக்கலுக்கு மூன்றாவது தடவை வெளி ஆளைக் கூப்பிடுகிறீர்கள் என்றால் அது ஆலோசனைத் தேவை இல்லை, காலியாக இருக்கும் ஒரு பணியிடம். செட்டிங் நேரம், ஃபிக்ஸ்சர் வடிவமைப்பு, தினசரி ரிஜெக்‌ஷன் ஆய்வு ஆகியவை வருடம் முழுக்க இருக்கும் வேலைகள். நாள் கட்டணத்தில் வரும் ஆலோசகரை இதற்கு வைத்தால் சம்பளத்தைப் போல் பல மடங்கு செலவாகும், அவர் போனதும் எல்லாம் பழைய இடத்துக்குத் திரும்பும்.

ஆனால் புது ஆளை எடுத்து, அன்றாட உற்பத்தியில் ஆள் குறையும்போதெல்லாம் லைனில் நிறுத்தினால் அவரும் ஆறு மாதத்தில் இன்னொரு சூப்பர்வைசர் ஆகிவிடுவார். மேம்பாட்டு வேலைக்கென்று நேரத்தை ஒதுக்கித் தர முடியாத ஆலைக்கு வெளி ஆலோசகர்தான் தோது. குறைந்தபட்சம் அவரை யாரும் பேக்கிங்குக்கு இழுக்க மாட்டார்கள்.

ஆலைக்குள் பொறியாளர் என்று ஒருவர்கூட இல்லாவிட்டால், வெளி ஆள் சொல்வது சரியா என்று பார்க்கவும் ஆள் இல்லை. அந்த நிலையில் முதல் செலவு சொந்த ஆளுக்குத்தான் என்பேன். பிறகு வரும் ஆலோசகருக்குப் பக்கத்தில் அவரை நிறுத்தலாம்.

பணம் எப்படிக் கொடுப்பது

காரணம் தெரியாத வேலைக்கு நாள் கட்டணம், ஒரு உச்ச வரம்போடு. தெரியாத ஒன்றுக்கு மொத்தத் தொகை கேட்டால், ஆலோசகர் தன் பயத்தையும் சேர்த்துத்தான் விலை சொல்வார்; இல்லையென்றால் குறைவாகச் சொல்லிவிட்டு, முதலில் தோன்றிய காரணத்தோடு நிறுத்திக்கொள்வார். வேலையின் எல்லை தெளிவானதும், டிராயிங் இத்தனை, ஜிக் இத்தனை என்று எண்ண முடிந்ததும், மொத்தத் தொகைக்கு மாறிவிடலாம்.

மிச்சமாவதில் பங்கு என்ற முறை கேட்க இனிக்கும். மிச்சமானால் கொடுப்போம், இல்லாவிட்டால் இல்லை. அனுபவத்தில் அதிகம் சண்டை வருவது இதில்தான், ஏனென்றால் எதோடு ஒப்பிட்டு மிச்சம் என்பதே தகராறு. மின்கட்டணம் குறைந்தது, அந்த மாதம் ஆர்டரும் குறைவு. யாரால் குறைந்தது?

ஓஇஇ எண்ணை வைத்துப் பங்கு பேசுவது இன்னும் ஆபத்து. ஓஇஇ என்பது இயந்திரம் கிடைத்த நேரம், ஓடிய வேகம், நல்ல பாக விகிதம் மூன்றையும் பெருக்கி வருவது. 90, 95, 99 சதவீதம் என்றால் பெருக்கினால் சுமார் 85 வரும். உலகத்தரம் என்று எல்லோரும் சொல்லும் எண் அதுதான். வேகக் கணக்கில் ஒரு பாகத்துக்கு இத்தனை விநாடி என்ற இலட்சிய நேரம் இருக்கும். அதை 40 விநாடி என்பதிலிருந்து 50 விநாடி என்று மாற்றி எழுதினால், ஒரு பாகம்கூடக் கூடாமல் வேக விகிதம் கால் பங்கு உயரும். திருடவே வேண்டாம், நல்ல எண்ணத்தோடும் இப்படி நடக்கும். இப்போதுதான் சரியான நேரத்தை அளந்தோம் என்பார்கள். பங்கு முறைதான் வேண்டும் என்றால், ஒரு ஷிஃப்டில் கடைசி நிலையத்தைத் தாண்டிய நல்ல பாகங்களை எண்ணுங்கள். நடுவில் ஒரு இயந்திரம் வேகமானதற்குக் காசு கொடுக்காதீர்கள். தடை வேறு இயந்திரத்தில் இருந்தால் அந்த வேகம் நடுவில் சரக்காகக் குவியுமே தவிர வாசலைத் தாண்டாது.

கூப்பிடுவதற்கு முன் ஒரு தாள்

எந்த வழியானாலும், முதலில் சிக்கலை ஒரு பக்கத்தில் எழுத முடிகிறதா என்று பாருங்கள். எந்தப் பாகம், எந்த இயந்திரம், எந்த ஷிஃப்ட், எப்போதிலிருந்து, எத்தனை. இதுவரை என்ன செய்து பார்த்தோம், அதனால் எது மாறவில்லை. எழுத ஆரம்பித்தால் பாதி இடத்தில், இந்த எண் நம்மிடம் இல்லையே என்று நிற்கும். அந்த எண்ணை எடுத்துவரும் வேலையை உங்கள் ஆட்களே ஒரு வாரத்தில் செய்துவிடலாம். அதைச் செய்ய ஆலோசகர் வந்தால் முதல் பில் அதற்கே போய்விடும்.

கூடவே அளவுக் கருவியையும் சோதித்துவிடுங்கள். ஒரே பாகங்களை இரண்டு மூன்று பேர் திரும்பத் திரும்ப அளந்து பார்க்கும் கேஜ் ஆர்-அண்ட்-ஆர் சோதனையில், அளப்பதால் வரும் வேறுபாடு மொத்த வேறுபாட்டில் 10 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது, 30 சதவீதத்தைத் தாண்டினால் அந்தக் கருவியை வைத்து எந்த முடிவும் எடுக்க முடியாது. ரிஜெக்ட் ஆன பாகங்களில் எத்தனை உண்மையில் நல்லவை என்பதே அப்போது தெரியாது.

அந்தத் தாளைப் பார்த்தாலே யாரை அழைப்பது என்று பெரும்பாலும் விளங்கிவிடும். காரணம் தெரியவில்லை என்றால் விற்பனை எதுவும் இல்லாத தனி ஆலோசகர், நாள் கட்டணத்தில். காரணம் தெரிகிறது, நிரூபிக்கக் கருவி இல்லை என்றால் துறை சார்ந்த சிறு நிறுவனம் அல்லது ஆய்வகம். காரணமும் தீர்வும் தெரிந்து கட்டிக்கொடுக்க ஆள் வேண்டும் என்றால் இன்டகிரேட்டர். சட்டப் பொறுப்பும் பல துறைகளும் சேர்ந்து வந்தால் பெரிய நிறுவனம். காரணத்தைக் கண்டுபிடித்தவரே, தீர்வையும் நானே செய்துதருகிறேன் என்று வந்தால், அவருடைய அறிக்கையை வைத்து இன்னும் இரண்டு பேரிடமாவது கொட்டேஷன் வாங்கிவிட்டு அப்புறம் பேசுங்கள்.

ஒப்பந்தத்தில் நான் விட்டுக்கொடுக்காதது கடைசித் தவணை. மொத்தத்தில் 10 சதவீதத்தையாவது நிறுத்திவையுங்கள். ஆலோசகர் ஆலையை விட்டுப் போய், உங்கள் ஆபரேட்டர்களும் உங்கள் மெயின்டனன்ஸ் ஆட்களும் மட்டுமே ஒரு மாதம் ஓட்டி, எண்கள் அப்படியே நின்றால் அந்தத் தொகை அவருக்கு. அதற்குள் கைக்கு வந்திருக்க வேண்டியவை: திருத்தக்கூடிய மூல வடிவில் டிராயிங்குகள், பிடிஎஃப் மட்டும் தந்தால் போதாது, இயந்திரத்தைக் கட்டுப்படுத்தும் பிஎல்சி கணினியின் நிரல், எந்த வரி எதற்கு என்ற குறிப்புகளோடு, அதைத் திறக்கும் கடவுச்சொல், உதிரிப் பாகங்களின் பட்டியல், அசல் தயாரிப்பாளரின் எண்ணோடு. கடவுச்சொல்லைக் கேட்க மறந்த ஆலைகள், பின்னாளில் ஒரு சென்சாரை மாற்றுவதற்குக்கூட அந்த ஆளுக்கே போன் போட்டுக் காத்திருக்கின்றன.